நான்காம் வாரத்து வீட்டுக்கூட்டம்

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் எங்கள் போதகரின் வீட்டு முன்னறையில் மூன்றுபேர் கூடுவோம். சபையில் அவரை ஐயர் என்றுதான் அழைப்போம். நான் மார்த்தாண்டத்துக்கு அருகே மிஷன் பள்ளியில் ஆசிரியை. என்னோடு வருபவள் என் தோழி, ஒரு பனையேறியின் மகள். சபையில் அவளைப் போலப் பாட ஆள் கிடையாது. ஞானிகள் பாலகனைக் கண்ட பிரசன்னத் திருநாளுக்கும், அதன்பின் வரும், கிறிஸ்துவின் பாடுகளை நினைக்கும் லெந்து என்ற தவக்கால நாட்களுக்கும் ஆராதனை முறையை வகுப்பது எங்கள் வேலை.

ஐயர் வேதபாடத்தைச் சொல்வார். அதற்கேற்ற கீர்த்தனையை அவள் மெல்லப் பாடிக் காட்டுவாள். சுருதி ஏறினால் சனங்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று இறக்கிப் பாடுவாள். லெந்துவில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் உண்டு. பதனீர்க் காலமும் அதுவே என்பதால், ஆண்கள் பனையிலிருந்து இறங்கிக் குளித்து வந்த பிறகுதான் தொடங்க முடியும்.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திற்பரப்புப் பக்கம். நான்காம் வாரத்துக் கூட்டம் தன் வீட்டில் நடக்கவேண்டும் என்று கேட்டாள். பிறந்த வீட்டில் அவளுக்கு அதுதான் கடைசி லெந்து. இறந்துபோன யவீருவின் மகளை இயேசு கைபிடித்து எழுப்பிய பகுதியை வாசிக்கவும் கேட்டாள். லெந்துவுக்கு அது பொருந்துமா என்று ஐயர் யோசித்தார்.

"எல்லா வாரமும் அழுதிட்டே இரிக்க முடியுமா, ஐயரே?" என்றாள்.

ஐயர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

லெந்து தொடங்கிய இரண்டாம் வாரம் ஊரில் வாந்திபேதி பரவியது. காலையில் தாயோடு கருப்புக்கட்டி காய்ச்சிக்கொண்டிருந்தவள், பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். தொற்றுக்குப் பயந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் சிலரே. ஒரு பாட்டுக்கூட இல்லாமல் அவளை மண்ணில் வைத்தோம்.

நானும் ஐயரும் மறுபடி உட்கார்ந்தோம். அவள் உட்காரும் நாற்காலியை யாரும் இழுத்துப் போடவில்லை. நான்காம் வாரக் கூட்டத்தை ஆலயத்துக்கு மாற்றிவிடலாம், ஒரு சங்கீதத்தை வாசிக்கலாம் என்றார் ஐயர். அதைச் சொல்ல நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். தாயார் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இங்கயே நடக்கட்டும், மக்கா. அவ கேட்ட பாடத்தையே வாசிங்க. ஒண்ணும் மாத்தண்டாம்."

அப்படியே நடந்தது. அதற்குள் நோய் அடங்கியிருந்ததால் முற்றம் கொள்ளாத கூட்டம். அவள் தகப்பனார் உள்ளே வராமல் வேலியோரம் நின்றார். ஐயர் வாசித்துக்கொண்டே வந்தார். மகள் இறந்துவிட்டாள் என்று யவீருவிடம் வந்து சொல்லும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. வேதாகமத்தை என்னிடம் நீட்டினார். மீதியை நான் வாசித்து முடித்தேன். எப்படி முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

தாயார் ஐயரைப் பார்த்துக் கேட்டார்: "எனக்க பிள்ளைக்க கையை மட்டும் அவரு ஏன் பிடிக்கல்ல, ஐயரே?"

எத்தனையோ சாவு வீடுகளில் ஆறுதல் சொன்னவர் ஐயர்.

"எனக்குத் தெரியல்லம்மா," என்றார். அவர் கண்ணீர் சட்டையில் விழுந்தது.

தாயார் தலையை ஆட்டினார். மகள் இறந்த நாளிலிருந்து கல்லாயிருந்தவர் அப்போதுதான் அழுதார். பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பிரசங்கம் நடக்கவில்லை. வேலியோரம் நின்ற தகப்பனார் மெல்ல நடந்து பனந்தோப்புக்குள் போய்விட்டார்.

அதன்பிறகு தாயார் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தார். பாட்டு வேளையில் மட்டும் வாய் திறக்கமாட்டார். மறுவருஷம் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தபோது, போய் ஆசீர்வதித்துவிட்டு வந்தார். தகப்பனார் ஆலயப்படி மிதிக்கவேயில்லை. ஐயர் அவரை வற்புறுத்தவில்லை. வேறு சபைக்கு மாற்றலாகிப் போகும்வரை, தகப்பனார் பனையிலிருந்து இறங்கும் நேரம் பார்த்துப் போய், கொஞ்சநேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்.