முதலில் என்னை பாஸ் என்றவள்

அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இன்றைக்குப் பண்டமாரானில் என் பேர் போட்ட லோரி பதினொன்று ஓடுகிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. உழைத்தவன் சொல்லத்தான் செய்வான்.

போன மாதம் என் எழுபதாவது பிறந்தநாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியை எடுத்து அறுபது பேருக்கு விருந்து வைத்தேன். பிள்ளைகள் இரண்டும் ஆஸ்திரேலியாவில். வீடியோவில் கை காட்டினார்கள். மனைவி இறந்துபோய் நாலு வருசம். மைக்கைப் பிடித்து வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: "நான் தனி ஆளா மேல வந்தவன். எனக்கு யாரும் கை குடுக்கல." எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து காரைப் பின்னுக்கு எடுத்து வாசல் கேட்டுக்குள் விட்டேன். காரின் பின்பக்கக் கேமரா கத்திக்கொண்டே இருந்தது. காதில் ஏறவில்லை. தகரத்தில் இரண்டு தட்டு விழும், அப்போது பிரேக் போடலாம் என்று என் கால் காத்திருந்திருக்கிறது. தட்டு விழவில்லை. தூணில் இடித்து விளக்கு நொறுங்கியது. சத்தம் கேட்டு ஓடிவர வீட்டில் ஆள் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு தட்டு என் அம்மாவுடையது.

முதல் பழைய லோரி வாங்கியபோது கெலிண்டான் வைக்க எனக்கு வசதியில்லை. கூடவே வந்து சாமான் இறக்க, பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. துறைமுகக் கிடங்கில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா அந்த வேலையை விட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கோஸ்தான் பண்ணி லோரியைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் நின்று "வா, வா, வா" என்பாள். இடம் முடிந்ததும் உள்ளங்கையால் பலகையில் இரண்டு தட்டு. ஒரு நாளும் எங்கேயும் இடித்ததில்லை.

ஒருமுறை செராஸில் சிமெண்டு இறக்கப் போனோம். கடை வாசலில் நின்ற முதலாளி தவுக்கே, யார் இந்தக் கிழவி, உன் அம்மாவா என்று கேட்டுச் சிரித்தார். சுற்றிலும் மற்ற டிரைவர்கள் நின்றார்கள்.

"இல்ல தவுக்கே, வேலைக்கு வச்ச ஆள் லா," என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் லோரியைக் கடைவாசலுக்குப் பின்னுக்கு எடுத்தேன். இரண்டு தட்டு விழுந்தது.

"போதும், பாஸ்," என்றாள்.

அன்றையிலிருந்து வெளியாள் முன்னால் நான் அவளுக்கு பாஸ்தான். வீட்டில் மட்டும் "டேய்". அவள் கண்மூடும்வரை நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், போய்ச் சாப்பிடுடா என்று சொல்லி முடித்திருப்பாள். இப்போது பதினொரு டிரைவர்களும் என்னை பாஸ் என்கிறார்கள். அந்தப் பட்டத்தை முதலில் வைத்தது யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் விளக்கு மாற்ற வந்த மெக்கானிக், பின்னால யார் பாஸ் பார்த்துச் சொன்னது என்று கிண்டலடித்தார்.

"இப்ப ஆள் இல்ல," என்றேன். "முன்ன எங்கம்மா பார்த்தாங்க. அவங்கதான் என் முதல் கெலிண்டான்."

இத்தனை வருசம் கழித்து அதை வாய்விட்டுச் சொன்னது ஒரு மெக்கானிக்கிடம். அவர் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார்.

எனக்கு நல்ல வாழ்க்கைதான் அமைந்தது. அதில் குறையே இல்லை. அன்றைக்குக் கை தட்டிய அறுபது பேருக்கும் ஒன்று சொல்லவே இதை எழுதுகிறேன்: மைக்கில் நான் சொன்னது பொய். நான் தனி ஆளாக இருப்பது இப்போதுதான்.