பிள்ளைகளின் பிரஷரைப் பார்த்தவர்

லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் டொக்டர் நஸீஹா காலமானதாக ஜனாஸா அறிவித்தல் கேட்டபோது, நிந்தவூரில் எங்கள் பாடசாலையில் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்கு எங்களிடம் வந்தவர் அவர். இன்னாலில்லாஹி என்று சொன்னேன். சோக்கட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். மெதுவாகக் கதைக்கத் தெரியாதவர். பிள்ளைகளுக்கும் பிரஷர் பார்க்க வேண்டும் என்று முதன்முறை அவர் சொன்னபோது ஆசிரியர் அறையே சிரித்தது.

"புள்ளைகளுக்கு என்ன பிரஷர் டொக்டர்? அதுகள் நமக்கெல்லோ ஏத்துதுகள்" என்றேன்.

"ஓம் டீச்சர். 'என்ட பிரஷர ஏத்தாத மனே' எண்டு ஊரே புள்ளைகளை ஏசுது. அதுகள்ட பிரஷர ஆரு பார்த்த?"



பெரியவர்களுக்குப் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சின்னக் கையில் சுற்றினால் அளவு பிழைக்கும் என்று, சின்னப் பட்டியொன்றைக் கைப்பையிலேயே கொண்டுவருவார். ஓடிவந்த பிள்ளையை மூச்சு ஆறும்வரை இருத்தி வைப்பார். ஒருநாள் கூடிக் காட்டினால் வாய் திறக்கமாட்டார். வேறு நாட்களிலும் வந்து பார்த்த பிறகுதான் பெற்றோரை அழைப்பார். "பயத்துலயும் ஏறும், பந்தடிச்சாலும் ஏறும். அவசரப்பட்டு ஒரு புள்ளைய நோயாளியாக்கப்படாது" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு ஷிஃபாவுக்கு ஒவ்வொரு முறையும் கூடியே இருந்தது. அவளோ ஒரு நோவுமில்லாமல் துள்ளித் திரிந்தாள். அழைப்பின் பேரில் வந்த தாய் முதலில் அறைக் கதவைச் சாத்தினார்.

"பொம்புளப் புள்ள டொக்டர். பிரஷர் எண்டு ஊருக்குள்ள கதை வந்தா நாளைக்கு ஆரு கட்டுவான்? இதோட விட்டுருங்க."

அன்று மட்டும் டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "கதை வெளிய போகாம நான் பாத்துக்கொள்றன் ராத்தா. வருத்தத்த மறைக்க ஏலா. புள்ள இருந்தாத்தானே கலியாணம்."

தன் காரிலேயே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிறுநீரகத்தில் கோளாறு, பிந்தியிருந்தால் அது முற்றாகப் பழுதாகியிருக்கும். ஷிஃபா மருந்தோடு படித்தாள், கலியாணமும் நல்லபடி நடந்தது. டொக்டர் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார். நானும் மூச்சுவிடவில்லை.

டொக்டரின் மையித்து வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அந்தத் தாய் எழும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "என்ட மகள் ஷிஃபாக்குச் சின்ன வயசுலயே பிரஷர். இவதான் கண்டு புடிச்ச. உங்கட புள்ளைகளையும் காட்டுங்க." அவரே வாய்விட்டுச் சொன்னதால்தான் நானும் இங்கே பெயரோடு எழுதுகிறேன்.

சின்னப் பட்டி அடுத்து வரும் டொக்டருக்குப் போய்ச்சேரும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய கேள்வியை. 'என்ட பிரஷர ஏத்தாத' என்று இப்போதும் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிட்டு, எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறேன்.