வளராத முதிரைகள்

மாயாண்டிக்குக் கோபம் வருமென்று ஓமந்தைப் பக்கத்தில் ஒருத்தரும் நம்பியதில்லை. மலைநாட்டில், தேயிலைக்காக மொட்டையடித்த மலைகள் மழைக்குச் சரிந்ததைப் பார்த்து வளர்ந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தோடு வன்னிக்கு வந்தவனுக்கு இந்தக் காட்டில் அப்படியொரு பிடிப்பு.

தொண்ணூற்றிரண்டில் வன இலாகாக் கந்தோரிலிருந்து கதிர்காமநாதன் என்ற காட்டு ஆராய்ச்சிக்காரர் வந்தார். மழை முந்தி மாதிரி இல்லை, வறட்சியைத் தாங்கும் மரத்தின் விதையில்தான் இனிக் காடு வளர்க்கவேண்டும் என்றார். அவரும் மாயாண்டியுமாகப் பதினொரு முதிரை மரங்களைத் தெரிந்தெடுத்தார்கள். வருசத்துக்கு இரண்டு தரம் மாயாண்டி நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றிப் பிடிப்பான், அவர் அளவை எழுதுவார். கடதாசியின் அடியில் மாயாண்டி கையெழுத்து வைப்பான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அது மட்டும்தான்.

ஊராரின் கோடாலிக்குத் தப்ப மாயாண்டியே வழி கண்டான். காட்டுக்குள் போகிற சனம் ஐயனாருக்கு இலைக்குழை முறித்து மரத்தில் கட்டும்; கட்டிய மரத்தில் ஒருத்தரும் கத்தி வைக்கமாட்டார்கள். பதினொன்றிலும் கட்டிவிட்டான்.

"உம்மட மூளை எனக்கில்லை, மாயாண்டி," என்றார் கதிர்காமநாதன். அந்த ஒரு சொல்லிலேயே நாலு வருசம் உச்சி குளிர்ந்து திரிந்தான், பாவி.

தொண்ணூற்றாறில் மாரி மழை பொய்த்தது.

"ஒரு நூல் அளவும் வளரலீங்க ஐயா," என்றான் மாயாண்டி.

"ஓம், ஓம்," என்று எழுதிக்கொண்டார். மாயாண்டி வழமைபோல அடியில் கையெழுத்து வைத்தான்.

அடுத்த மாதம் லொறியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஐயனாராவது குழையாவது! பதினொன்றையும் அரிந்து ஏற்றினார்கள். மறித்த மாயாண்டியிடம் ஒரு கடதாசியை நீட்டினார்கள். மகள் ராஜினி வாசித்தாள்: "வறட்சியால் பட்டுப்போன மரங்கள், வெட்டலாம்." கீழே அப்பனின் கையெழுத்து.

கூட இருந்தே குழி பறித்துவிட்டாரே என்ற கோபத்தோடு சைக்கிளை மிதித்துக் கந்தோருக்குப் போனான்.

"நீர்தானே வளரேல்லை எண்டனீர்," என்றார் கதிர்காமநாதன், முகத்தைப் பாராமல்.

"வளரலன்னு சொன்னேன். செத்துருச்சுன்னா சொன்னேன்?"

"இரும். தேத்தண்ணி குடியும்." நாலு வருசத்தில் முதல் தரமாகக் கதிரையை இழுத்துப் போட்டார். மாயாண்டி அதில் உட்காரவில்லை.

திரும்பி வரும்போது சங்கக்கடை வாசலில் தங்கம்மா வழிமறித்தா. குடியிருந்த குடிசையின் கூரைக்கு வளைமரம் போட ஒரு முதிரை கேட்டு, குழையைக் கண்டு கும்பிட்டுவிட்டுப் போனவ அவ.

"ஐயனாரைச் சொல்லி எங்களை மறிச்சது லொறிக்காரனுக்காகவோ, மாயாண்டி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கையெழுத்து அவனுடையதுதானே.