அம்மா நிற்காத படங்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அக்காவைக் கட்டிய அத்தானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கமராவோடும் சித்தாண்டியிலிருந்து வாவிக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அரசாங்கக் கச்சேரியில் அவருக்குக் கிளாக்கர் உத்தியோகம்.

வந்த மருமகன் முன்னால் மாமியார் வரக்கூடாது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் அம்மா அவருக்கு முகம் காட்டியதில்லை. சோற்றை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "மீன் இன்னும் ரெண்டு துண்டு போடு புள்ள" என்பார். அது அவருடைய காதில் விழும். ஆனாலும் அவர் அக்காவைப் பார்த்து, "மாமிக்கிட்டப் போதுமெண்டு சொல்லு" என்பார். மரியாதையாம்! அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்பா இல்லாத வீடு அது. அண்ணன் கொழும்பில் வேலைக்குப் போய், காசநோய் பிடித்து, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தார். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபடியால், தொற்றிவிடும், யாரும் வரவேண்டாம் என்று அவரே எழுதிவிட்டார். அம்மா சாப்பாட்டை விட்டார். அப்போதுதான் அத்தான் அக்காவிடம் சொன்னார்: "நம்மட வீடு வளவைப் படம் புடிச்சு மச்சானுக்கு அனுப்புவம். பாத்துக்கொண்டு கிடக்கட்டும்."

அதிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். முற்றத்துச் செவ்வரத்தை, கிணற்றடி மல்லிகை, வேலியில் படர்ந்த பூசணிப் பூ எல்லாவற்றையும் அத்தான் வயிற்றோடு கமராவை அணைத்து, மூச்சை அடக்கி எடுப்பார். பட்டினத்தில் கழுவி வந்த படங்களைக் கண்டு அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். "இதென்ன கா, எல்லாம் கரிச்சட்டி நிறமாக் கிடக்கு? செவ்வரத்தைட செவப்பு எங்க போயிட்டு?" என்று அக்காவிடம் சண்டைக்கு வந்தார். மறுகா, கோபம் ஆறியதும், என்னை உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பூவின் நிறத்தை எழுத வைத்தார். ஒரு படத்துக்கு, "இது மஞ்சள், ஆனா முத்தின மஞ்சள் இல்ல" என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது.

பூ முடிந்ததும் வளவுக்கு வந்துபோகிற சீவராசிகள். கோழிக்குஞ்சுக்குக் கண் வைத்து வந்த உடும்பு. தென்னை மரத்து மரநாய். தோணி கட்டும் கம்பில் நாள் முழுக்கத் தவம் இருந்த கொக்கு, கமராவைத் தட்டுகிற நேரம் பார்த்துப் பறந்துவிட்டது. படத்தில் ஒரு வெள்ளை இழுவைதான் மிச்சம். அதையும் அனுப்பினோம். "இது கொக்கா, அம்மாட முந்தானையா?" என்று கேட்டு எழுதியிருந்தார் அண்ணன். அம்மா சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற படம், நான் மா இடிக்கிற படம் என்று போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் வந்த கடிதத்தில், "எல்லாரையும் கண்டன். அம்மாவை மட்டும் காணல்ல. அம்மாட முகம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கதவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அத்தான்.

அம்மா அழுதார். ஆனால் வெளியே வரவில்லை. மருமகன் முன்னால் தலை நிமிர்ந்து நின்று, அவர் பார்க்கப் பார்க்க முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருப்பதா? அத்தானுக்கும் தயக்கம். மாமியாரைக் கண்ணால் அளந்து படம் பிடிக்கிறதாவது என்று அவரும் கூசினார். கடைசியில் கமராவைத் தட்டும் விதத்தை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றார். அக்கா எடுத்த படத்தில் அம்மா கழுத்து வரைக்கும்தான் இருந்தார், தலை இல்லை.

"இதை அனுப்பினா என்ர புள்ள பயந்திருவான்" என்று அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். பட்டினத்து ஸ்டூடியோவுக்குப் போவோம் என்றேன். "ஊர் பேர் தெரியாத ஆம்பிளைக்கு முன்னால போய் இருக்கச் சொல்றியா?" என்று என் மேலே பாய்ந்தார். "இவர் ஊர் பேர் தெரிஞ்சவர்தானே, இவருக்கு முன்னால இரும்மா!" என்று நானும் கத்தினேன். "பொறு புள்ள, மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடியட்டும். அக்காவை எடுக்கப் பழக்கிப்போட்டு ஆறுதலா எடுப்பம்" என்றார் அம்மா.

தீர்த்தம் முடிவதற்கு முன்பே தந்தி வந்துவிட்டது. நோயின் காரணத்தால் உடலைக் கொண்டுவர விடவில்லை. அத்தான் மட்டும் போய், அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

செத்த வீட்டுக் கடமைகள் எல்லாம் ஒப்பேறி, சனம் கலைந்த பிறகு ஒருநாள் காலை. அத்தான் கச்சேரிக்குப் புறப்பட்டு முற்றத்தில் நின்றார். அம்மா தலை முழுகி, வெள்ளைச் சீலையை மடிப்புக் கலையாமல் உடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். கதவடியில் நிற்கவில்லை. படியிறங்கி நேரே அத்தானின் முன்னால் வந்து, முக்காட்டை எடுத்துத் தோளில் விட்டு, அவரை முகத்துக்கு முகம் பார்த்தார்.

"மருமகன், என்னைப் படம் எடுங்க" என்றார். அவரிடம் அம்மா நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"ஆருக்கும்மா இனி?" என்று அக்கா அழுதுகொண்டே கேட்டார்.

"கேட்டான். நான் குடுக்கல்ல. எடுங்க தம்பி."

அத்தான் உள்ளே ஓடிக் கமராவைக் கொண்டுவந்து அவசரமாகத் தட்டினார். படம் பழுதாகத்தான் வரும் என்று நான் நினைத்தேன். ஆனால் அது அவ்வளவு தெளிவாக வந்தது. அண்ணன் கேட்டபடியே அம்மாவின் முகம் முழுதாகத் தெரிந்தது. அனுப்பத்தான் விலாசம் இல்லை.