சீல்காரர் கையில் ஒரு வீடு

முப்பது வருஷமாக ரப்பர் சீல் செதுக்குகிறவரை சீல்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், வீட்டுக்காரி உட்பட. டாக்டர், வக்கீல், தலைமையாசிரியர் என்று யாருடைய பெருமையானாலும் அவர் கையில் முதலில் இடவலம் மாறித்தான் பிறக்கும். செதுக்கி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துக் காட்டுவார். கண்ணாடியில் நேராகத் தெரிந்தால் சரக்கு சரி. இதுவரை ஒரு சீல்கூடத் திரும்பி வந்ததில்லை.

மகனும் வரவில்லை. வெளிநாட்டில் ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் போன் பண்ணினான். “இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சே...” என்று ஆரம்பித்த சீல்காரருக்கு அதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டார். வாக்கியம் இரண்டு வருஷமாக அந்தரத்தில் தொங்கியது.

இப்போது இருவரும் வருகிறார்கள். மன்னிப்பு என்ற சமாச்சாரம் சீல்காரருக்கு வாயில் வராது, கையில்தான் வரும். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புரட்டி, சீனத்தில் ‘வீடு’ என்பதற்கான எழுத்தைக் கண்டுபிடித்தார். அதைக் கையில் பச்சை குத்திக்கொண்டு நின்றால், வருகிறவளுக்குப் புரியாதா என்ன?

“மேல இருக்கே, அது கூரை. கீழ இருக்கறது பன்னியாம்,” என்று மனைவியிடம் விளக்கினார்.

“அப்ப நம்ம வீடேதான். பன்னி யாருன்னு நான் கேக்கல.”

டாட்டூ கடைப் பெண்ணின் காதில் ஏழு வளையம். அவளை நம்பி ஒரு புள்ளிகூட விடக்கூடாது என்று, எழுத்தைத் தானே அளவெடுத்து வரைந்து கொண்டுபோயிருந்தார்.

“அங்கிள், எதுக்கும் நெட்ல ஒருதடவ பாத்துக்கவா?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எழுத்து செதுக்கினவன்மா நான். வரைஞ்சத அப்படியே குத்து.”

“குத்தினா அழியாது அங்கிள்.”

“அழியறதுன்னா பேனாவால எழுதிக்க மாட்டேனா?”

குத்தி முடித்ததும் வட்டக் கண்ணாடியை எடுத்துக் காட்டிப் பார்த்தார். பிசிறில்லாமல், நேராக இருந்தது. வலியில் கலங்கிய கண் பெருமையில் கலங்கியதுபோல் ஆகிவிட்டது.

புண் ஆறிய மறுவாரம் வந்தார்கள். மருமகள் பின்னால் நிற்க, மகன் பெட்டியோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

“மிதிக்கலாமாப்பா?”

சீல்காரர் சட்டைக் கையை மடித்து, முன்னங்கையை நீட்டினார். மருமகள் குனிந்து பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மகன் எட்டிப் பார்த்தான். “அப்பா... இது இடவலம் மாறியிருக்கு.”

“என்னடா உளர்றே? கண்ணாடியில பாரு, நேரா இருக்கு!”

“மருமக என்ன கண்ணாடிக்குள்ளயா வந்து நிக்கப் போறா?” என்றாள் மனைவி.

சீல்காரரின் காதுமடல் சிவந்தது. முப்பது வருஷத்தில் முதல் தப்பு. அதுவும் அழியாத தப்பு. சட்டைக் கையை இறக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார். விறுவிறுவென்று முன்னறை மேஜைக்குப் போய் ஊதா மையும் மெல்லிய தூரிகையும் கொண்டுவந்தார். பச்சை குத்தின கோட்டின் மேலேயே, ஒன்று விடாமல், மையை ஓட்டினார்.

“உள்ளங்கைய நீட்டச் சொல்லுடா.”

மருமகள் வாசற்படிக்கு அப்பாலிருந்து நீட்டினாள். அதன் மேல் தன் கையை வைத்து, எந்த சீலுக்கும் செய்வதுபோல, மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். அவள் உள்ளங்கையில் ஈர ஊதாவில், நேராக, கூரையும் பன்றியுமாக ஒரு வீடு.

அவள் அதைத் தன் பாஷையில் ஒருதரம் வாசித்தாள். அப்புறம், “மாமா,” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொண்டு, உள்ளே வந்தாள்.

மகனும் காலைத் தூக்கினான். சீல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

“எங்க போறே? கையக் காட்டு. சீல் இல்லாம யாரையும் உள்ள விடறதா இல்ல.”