அப்பா முன்னால் அன்னாசி வைன்

அம்மா போன பிறகு அப்பாவுக்கும் எனக்கும் பேசுவதற்கு எதுவுமே இல்லாமல் போயிற்று. சிங்கப்பூரில், மார்சிலிங் வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்து, "சாப்டியா?", "சாப்டேம்பா" என்பதோடு நாளை முடித்துக்கொள்வோம். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சை ஓட்டிக்கொண்டிருந்தவர் அம்மாதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரைப் பற்றி மட்டும் நாங்கள் வாயே திறக்கவில்லை. இப்படியே விட்டால் இருக்கிற ஒருவரையும் இழந்துவிடுவேன் என்று பயந்துபோய், சனிக்கிழமைதோறும் அப்பாவைச் சந்தைக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன்.

காய்கறி என்றால் அவர் வாய் திறந்துவிடும். தேக்கா சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, "இது காயா, கயிறா?" என்று கடைக்காரரிடம் வம்புக்கு நிற்பார். பிறகு கிராஞ்சிப் பக்கம் ஓர் உழவர் சந்தை நடப்பது தெரிந்து அங்கே கூட்டிப் போனேன். இங்கேயே விளைந்த பாயம் என்கிற முளைக்கீரையையும் பண்ணை முட்டைகளையும் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்லயே இவ்வளவு விளையுதா!" என்று வாயைப் பிளந்தார். திரும்பி வரும்போது பஸ் முழுக்கக் கீரைப் பேச்சுதான். அதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தையில் கீரைக் கடையைத் தாண்டி, ஒரு மூலையில், ஒரு தமிழ்க் கிறிஸ்தவ அம்மா பழ வைன் விற்றார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்டுப் பழகியதை, ஓய்வு பெற்ற பிறகு உரிமம் வாங்கித் தொழிலாக்கிக்கொண்டவர். முதல் நாளே சின்னக் குவளை ஒன்றை நீட்டினார்.

"அங்கிள், அன்னாசி வைன். டேஸ்ட் பண்ணிப் பாருங்க லா, சும்மாதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நமக்கு அந்தப் பழக்கமே இல்லம்மா," என்றார் அவர்.

"நானும் தொடறதில்ல ஆன்ட்டி," என்றேன் நான்.

என் யோக்கியதை எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமையானால் ஜாலான் புசாரில் நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு, ஏலக்காயை மென்றபடி வீட்டுக்குள் நுழைகிறவன். தலை நரைத்துவிட்டது, அப்பா எதிரில் குவளையைத் தொடும் துணிச்சல் மட்டும் வரவில்லை. எங்கள் வீடுகளில் இதற்குப் பெயர் மரியாதை. அதற்குப் பிறகு வாராவாரம் அந்த மேசையைக் கண்டுகொள்ளாத மாதிரி கடந்து போனோம்.

இந்த வருடம் அப்பாவும் போய்விட்டார். மாரடைப்பு, சொல்லாமல் கொள்ளாமல். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, தனியாகச் சந்தைக்குப் போனேன்.

"அப்பா வரலையா தம்பி?" என்றார் வைன் விற்கும் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கீரைக்கு கியூவில நிக்கும்போது இங்க வருவாரு. அன்னாசிதான், ஒரே மடக்கு. ஒரு நாள், 'என் மகனும் கூட உக்காந்து குடிச்சா எப்படி இருக்கும்'னாரு. கேட்டுப் பாருங்க அங்கிள்னேன். 'ஐயய்யோ, அவன் தங்கமான பையன்மா, தொடவே மாட்டான். என்னைப் பத்தி என்ன நினைப்பான்?'னு சொல்லிட்டு, வாயைக் கொப்பளிச்சிட்டுப் போயிட்டாரு."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தங்கமான பையனாம்! அன்றைக்கு நான் அந்தக் குவளையை வாங்கியிருந்தால் அவரும் வாங்கியிருப்பார். கீரையை விட்டு வேறு பேச்சுக்கு வந்திருப்போம். அம்மாவைப் பற்றிப் பேசியிருப்போம், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். கூட உட்கார ஆள் தேடிய மனிதரை மரியாதை என்ற பெயரில் தனியாகக் குடிக்க விட்டுவிட்டேன்.

அந்த அம்மா எனக்கொரு குவளை ஊற்றி வைத்தார். பழக்கதோஷம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினேன். பயந்து ஒளிந்து குடிப்பதற்குக்கூட எனக்கு இனி யாரும் இல்லை.