தேக்சா வண்டியோடு விருதுக்குப் போன கதை

போட்டி நாள் காலையில் அத்தா தகராறு பண்ணினார்.

"பிரியாணிய ஏத்திகினு போவோம்மா. மணக்க மணக்க உள்ள போனா பாதி மார்க் அங்கியே வுழும்."

"இது இன்ஜினியரிங் அவார்டு அத்தா. வலீமா விருந்து இல்ல. லோடுக்குத் தண்ணி போதும்."

அத்தாவுக்குப் பூந்தமல்லியில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். பிரியாணி அண்டாவான தேக்சாவை அத்தாவின் தம்பி, என் சாச்சா, இன்னொருத்தரோடு கம்பு கோத்துத் தூக்கி, இடுப்பு பிடித்து, மறுநாள் அயோடெக்ஸ் தடவுவார். அதற்காக நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயரில் செய்த வண்டி இது. ஆங்கிள் ஃபிரேம், நாலு வீல், கால் பிரேக். அப்ளிகேஷனில் 'சமூகப் பயன்' என்ற இடத்தில் 'இடுப்பு வலி குறையும்' என்று எழுதினேன். கைடு சார் அதை அடித்துவிட்டு 'எர்கோனாமிக் இன்டர்வென்ஷன்' என்று எழுதினார். எனக்கே என் வண்டி மேல் மரியாதை வந்துவிட்டது.

விருதைவிட எனக்கு முக்கியம், கூடவே கொடுக்கும் ஒரு வருஷ அப்ரெண்டிஸ்ஷிப். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய ஃபேக்டரி. எங்கள் காலேஜுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ என்று எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்த்ததில்லை. இதுவும் போனால் கரையான்சாவடியில் மாமாவின் செல்போன் கடையில் உட்கார்ந்து ஸ்கிரீன் கார்டு ஒட்ட வேண்டியதுதான்.

ஹாலில் நடந்தது

பக்கத்து ஸ்டாலில் ஆவடிப் பையன் ஒருத்தன் ட்ரோன் வைத்திருந்தான். தேக்சாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, கேன்டீன் பின்னால கீது," என்றான். நான் தேக்சாவில் தண்ணீர் ரொப்ப ஆரம்பித்தேன்.

கமிட்டி சேர்மன் வந்தார். அந்த ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் ஹெட். அயர்ன் கலையாத பேன்ட். "லோடோட தள்ளிக் காட்டும்மா," என்றார்.

விளிம்பு வரை தண்ணீர். ஜம்மென்று தள்ளிக்கொண்டு போய், அவர் முன்னால் ஸ்டைலாகப் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. தண்ணி நிற்கவில்லை. மொத்தமும் முன்பக்கம் எகிறியது, பின் வீல் ரெண்டும் தரையை விட்டு எழும்பின, சேர்மன் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்தார்.

ட்ரோன்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டாலுக்கு அடியில் குனிந்துகொண்டான்.

சேர்மன் கத்தவில்லை. பேன்ட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "இது உன் டிசைன்ல தப்பா? இல்ல, டெமோல தப்பா?"

பின்னாலிருந்து அத்தா கிசுகிசுத்தார். "டெமோன்னு சொல்லும்மா! டெமோ!"

சொல்ல வாயும் திறந்துவிட்டேன். பொய்யும் இல்லை. சோறு தளும்பாது, தண்ணி தளும்பும். ஒரு மாசமாகச் சோற்றை வைத்துத்தான் டெஸ்ட் பண்ணியிருந்தேன், ஒரு தடவைகூடச் சாயவில்லை. அப்போதுதான் தால்சா ஞாபகம் வந்தது. வெறும் பிரியாணியோடு எங்கள் பக்கம் எந்தக் கல்யாணமும் முடியாது. பருப்பும் கறியும் சேர்ந்த அந்தக் குழம்பு இன்னொரு தேக்சாவில் கொதிக்கக் கொதிக்க இறங்கும். அதை யாராவது இந்த வண்டியில் ஏற்றினால்?

"டிசைன்லதான் சார்," என்றேன்.

அத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எப்படி மாத்துவே?"

ஈரத் தரையிலேயே குந்திக்கொண்டு விரலால் வரைந்தேன். தேக்சா இன்னும் கீழே இறங்கி உட்காரணும். பிரேக் ஒரேயடியாகப் பிடிக்கக்கூடாது. மேலே மூடிக்கு லாக் வேணும். அவரும் ஈரப் பேன்ட்டோடு குந்திப் பார்த்தார். எழுந்து அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

விருது ட்ரோனுக்குப் போனது. நியாயம்தான், அது யாரையும் நனைக்கவில்லை. ஆனால் அப்ரெண்டிஸ்ஷிப்புக்கு என்னைக் கூப்பிட்டுச் சேர்மனிடமிருந்து மெயில் வர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை மாமா கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டினேன்.

திரும்பி வரும்போது

குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அத்தா வழியெல்லாம் உம்மென்று வந்தார். விருது போன கோபம் என்று நினைத்தேன். கரையான்சாவடி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"சனிக்கிழம கல்யாணத்துல தால்சாவ இதுலதாம்மா தள்றதா இருந்தோம். முன்னால புடிச்சுகினு போறேன்னு உங்க சாச்சா சொல்லிகினு இருந்தான்."

இப்போது அதே ஃபேக்டரியில் என் கீழே சேரும் அப்ரெண்டிஸ் பசங்க, டெமோ ஊத்திக்கிச்சு என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அடப் பாவிங்களா! அன்றைக்கு என் டெமோ ஒழுங்காக நடந்திருந்தால், கப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து என் சாச்சாவின் காலை வேகவைத்திருப்பேன்.